தணிக்கையர் தகுதியும் சிவபோகம் அம்மையாரும்

கணக்கெழுதத் தெரிந்த எவரும் தம்மைத் தணிக்கையர் என அறிவித்துக்கொள்ளலாம் என்னும் நிலை நம் நாட்டில் 1913 வரை இருந்தது. அவ்வாண்டின் கம்பெனிச் சட்டமே, பொதுக் கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்வோர் அரசின் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என முதன்முதலாக விதித்தது. 1918இல் பம்பாயில் கணக்கியல் பட்டயத் தேர்வு ஏற்பட்டது. ஜி.டி.ஏ. என்று அதனைச் சுருங்கச் சொல்வர். அதற்கு ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது. தகுதி வாய்ந்த ஒரு கணக்காயரிடம் மூன்றாண்டுகள் பயிற்சியும் பெறவேண்டும். நம் பழைய குருகுல வாசத்தையே ஒத்தது இது. 1932இல் நாடு முழுமைக்கும் பொதுவான விதிகள் வந்தன.

தகுதியை உயர்த்துதல் நன்றே. ஆயினும் எதனைக் கொண்டு தகுதியை அளப்பது? இவ்வினா ஒரு தமிழ்ப் பெண்மணியின் வாழ்விலேயே எழுந்தது.

1907இல் பிறந்த ஆர். சிவபோகம் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்றவர்; கதரையே உடுத்தியவர்; விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டு சிறையில் இருந்தவர். 1933இல் அவர் ஜி.டி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். இந்தியாவில் இத்துறையில் தேறிய முதற் பெண் அவரே. ஆனால் சிறைத் தண்டனை பெற்றவர் கணக்காயராகப் பதிவு பெறலாகாது என்றொரு தடை குறுக்கே நின்றது. பொய்க்கணக்கு எழுதிச் சிறை புகுந்தவரும் நாட்டுக்காகச் சிறை புகுந்தவரும் அத்தடைக்கு ஒன்றே! அம்மையார் அடங்கிப் போகவில்லை, வழக்காடி வென்றார். 1937இல் தம் பெயரில் தொழிலைத் தொடங்கினார்.

விடுதலைக்குப்பின் 1949 ஜூலை முதல் நாள் சார்ட்டர்டு அக்கவுண்டண்டுகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, இன்றுள்ள கழகம் பிறந்தது. உறுப்பினராகத் தகாதவர் யார் யார் என அதன் 8ஆம் பிரிவு கூறுகிறது. வெறுமனே 'சிறை சென்றவர்' என அது சொல்லவில்லை. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாக இருத்தல் வேண்டும், அல்லது தொழில் முறையில் செய்த குற்றமாக இருத்தல் வேண்டும். அதுவும் சிறு நடைமுறைப் பிழையாக இருத்தலாகாது. அவ்வாறு தண்டிக்கப்பட்டவர்க்கும் மன்னிப்பு வழங்கப்பெற்றாலோ, மத்திய அரசு எழுத்து மூலம் ஆணையிட்டாலோ தடை நீங்கும். கோப்புகளோடு காலங்கழிக்கும் எம் போன்றோர்க்குத் தெரியும், விதியில் ஒரு சொல் கூடினால் எத்தனை பேர் உள்ளே வருவர், எத்தனை பேர் வெளியே நிற்பர் என்பது.

அக்கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைமை தாங்கியவர், ஒருகாலத்தில் பதிவேட்டில் பெயரெழுத மறுக்கப்பட்ட அதே சிவபோகம் அம்மையார்தாம்.