உப்புக்காற்றில் ஒரு பத்மினி

வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடிச் செல்வது நம் குழு நண்பர்களின் இயல்பு. கொற்கையும் காயலும் ஆதிச்சநல்லூரும் ஒரு மணி நேரப் பயணத்திற்குள் அமைந்திருக்க, ஒரு மோட்டார் வண்டியின் பின்விளக்கைப் பற்றி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று அவர்கள் வினவக்கூடும். கையடக்கமான ஓர் உலோகச் சட்டம் என்னை அரையாண்டுக் காலம் அலைக்கழித்தது என்பதே என் விடை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஆறுமுகநேரியை ஒட்டி அமைந்த ஆலைக் குடியிருப்பு சாகுபுரம். அவ்வூருக்கு அருகில் என் மாமனார் வீட்டு முற்றத்தில் 1984ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி ஒன்று நிற்கிறது. அதன் பின்விளக்குகளைச் சுற்றியுள்ள குரோமியச் சட்டங்கள் கொப்புளித்து, வெண்பொடி உதிர்த்து, அம்மைத் தழும்பேறிய முகம்போல் ஆகிவிட்டன. 2024இல் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விளக்குகள் ஒழுங்காக எரிந்தாலன்றித் தகுதிச் சான்று கிட்டாது. சட்டம் இற்று, ரப்பர் வாசர் வெடித்து, விளக்கினுள் மழைநீர் தேங்கியிருந்தது. புதிய நெகிழிச் சட்டம் வாங்கி மாட்டிவிடலாமே என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா மாப்ளே? இது உங்க அத்தை ஒடச்சதுல்லா, இதுதான் வேணும்" என்றார் மாமா. வலப்புறச் சட்டத்தின் கீழ்முனையில் நகக்கண் அளவு ஓர் உடைவு உண்டு. வண்டி ஓட்டப் பழகிய நாளில் அத்தை பின்னோக்கிச் செலுத்திக் கிணற்றுச் சுவரில் இடித்ததன் அடையாளம். அத்தை மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அதற்குமேல் நான் வாதிடவில்லை.

பத்மினியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் ஃபியட் 1100 டிலைட் என்னும் வண்டியைப் பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1964 முதல் உருவாக்கியது. பிரீமியர் பிரசிடெண்ட் என்று சிறிது காலம் வழங்கப்பட்டு, பின் 1974இல் சித்தூர் அரசி பத்மினியின் பெயரைப் பெற்றது. பம்பாய் வாடகை வண்டியாக அதன் இறுதி ஓட்டம் 2023 அக்டோபரில் முடிந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய தலைமுறைக்கு அது வெறும் வண்டியன்று. நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்யப்பட்டதே என்று உள்ளூர்ப் பற்றுடையோர் கேட்கலாம். அதைத் தனியே எழுத வேண்டும்.

குரோமிய முலாம் அப்படியொன்றும் பழையதன்று. முதற்கால மோட்டார் வண்டிகளில் மின்னியது பித்தளை. அடுத்து வந்த நிக்கல் முலாம் நாளடைவில் மங்கிப் பழுப்பேறியது. 1920களின் நடுவில் கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் முதலியோர் குரோமியத்தை மின்சாரத்தால் படியச் செய்யும் வழியை ஒழுங்குபடுத்திய பின்னரே கண்ணாடி போன்ற இந்த ஒளி தொழிற்சாலைகளுக்கு எட்டியது. நாம் குரோமியம் என்று எண்ணும் ஒளியில் பெரும்பங்கு அடியிலுள்ள நிக்கலுக்குரியது. மேற்படலமான குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனமே உடையது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் வெடிப்புகளும் அதில் உண்டு. உப்பு நுழைவது அங்கேதான்.

மாமாவின் வண்டிச் சட்டத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. இரும்பாயிருந்தால் செந்துரு பூத்திருக்கும். இதுவோ வெண்பொடி உதிர்ப்பது. எனவே துத்தநாகக் கலவை என்று தெளிந்தோம். அச்சில் வார்ப்பதற்கு எளிது என்பதால் அக்கால வண்டிகளின் கைப்பிடிகளும் விளக்குச் சட்டங்களும் பெரும்பாலும் இதில் செய்யப்பட்டன. இரும்புச் சட்டமாயின் மேலோட்டமான துருவை நீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தே ஓரளவு போக்கலாம். துத்தநாகத்திற்கு அந்த நல்லூழ் இல்லை. முலாமின் கீழே உப்பு புகுந்து உள்ளிருந்தே தின்னும். கொப்புளம் வெளியே தெரியும்போது அடியில் குழி விழுந்திருக்கும்.

சாகுபுரத்து ஆலையில் நிகழ்வதும் உப்பும் மின்சாரமும் கூடிய வினையே. தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனத்தின் எரிசோடா ஆலை 1950களின் இறுதியில் இங்கு எழுந்தது. ஊர்ப்பெயரில் உள்ள 'சாகு' அதன் உரிமையாளரான சாகு ஜெயின் குடும்பத்தைக் குறிப்பது. உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் பிரிகின்றன. அதே மின்வேதியியல் நம் கட்டுப்பாட்டிலிருந்தால் முலாம் பூசுகிறது. கடற்காற்றின் கையில் விட்டால் அம்முலாமை உரிக்கிறது.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டு, எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாளர் அதனைப் பொறுப்பேற்றார். மண்ணிலிருந்து வந்த செப்புத் திருமேனிகளில் பச்சைப் பொடி பூத்து உதிரும் 'வெண்கல நோய்' அவர்முன் நின்ற சிக்கல். அந்நோய்க்கும் காரணம் உப்பிலுள்ள குளோரைடுதான். மின்பகுப்பே அவர் கையாண்ட மருத்துவம். பொதுவாக இம்முறையில் நீர்த்த எரிசோடாக் கரைசலில் சிலையை எதிர்மின்முனையாக அமைத்து மின்சாரம் பாய்ச்சுவர். குளோரைடு சிறிது சிறிதாகக் கரைசலுக்குள் வந்துவிடும். மெருகேற்றிப் புதிதாக்குவது இதன் நோக்கமன்று. நோயை அகற்றி, எஞ்சியதை நிலைநிறுத்துவதே நோக்கம். சோழர் காலத் திருமேனிகளைக் காட்சிப் பேழையில் கண்டு வியக்கும் நாம் இந்த ஆய்வக மேசையை நினைப்பதேயில்லை என்பது என் நெடுநாள் குறை.

மின்பகுப்பைப் படித்த உற்சாகத்தில் எரிசோடாக் கரைசலை நானே வீட்டில் கலக்கத் துணிந்தேன். நல்லவேளையாக, வேதியியல் துறை நண்பர் ஒருவர் தடுத்தார். துத்தநாகம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். செம்புக்கு மருந்தானது இதற்கு நஞ்சு. இலக்கியம் படித்தவன் ஒப்புமையை நம்பிக் கெடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆகவே முலாம் பட்டறைகளைத் தேடினோம். பழைய பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன. அதில் நியாயமும் உண்டு: குரோமியக் குளியலில் பயன்படும் ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைப்பது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக்குவியல் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதை நாளிதழ் வாசிப்போர் அறிவர். நம் முற்றத்து ஒளிக்கு வேறெங்கோ ஒரு கிணறு விலை கொடுக்கிறது என்ற உறுத்தல் எனக்கு இன்னும் நீங்கவில்லை.

இறுதியில் மதுரையில் ஒருவர் ஒப்புக்கொண்டார். பழைய முலாமை நீக்கி, குழிகளைச் சுரண்டித் தூய்மை செய்து, செம்பு ஏற்றி, தேய்த்து, மீண்டும் செம்பு ஏற்றி, குழிகள் நிரம்பிய பின்னரே நிக்கலும் குரோமியமும். முதற்செம்பை அமிலக் குளியலில் ஏற்ற இயலாது, துத்தநாகம் கரைந்துவிடும். சயனைடு கலந்த காரக் குளியல் வேண்டும் என்றும் விளக்கினார். உடைந்த முனையையும் பற்றவைத்து நிரப்பித் தருவதாகச் சொன்னார். மாமா கையமர்த்தி, "அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வந்தது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிட அவருக்கு வல்லமை இல்லாமலா போயிற்று? 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகளும் கிடைக்காமையால் அவ்வெண்கள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன.

இரண்டு மாதங்கழித்துச் சட்டங்கள் வந்தன. இடப்புறத்தது நன்றாக அமைந்தது. வலப்புறத்தில் இரண்டு குழிகள் ஆழமாக இருந்தமையால் முழுவதும் நிரம்பவில்லை. சாய்ந்து பார்த்தால் தெரியும். புதிய ரப்பர் வாசர் இட்டு, மங்கிய சிவப்பு மூடியை நுண்ணிய எமரித்தாளால் நீர்விட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்து மாட்டினோம். பதிவும் புதுப்பிக்கப்பட்டது. இப்போது மாதம் இருமுறை மாமா நன்னீரால் சட்டங்களைக் கழுவித் துடைத்து மெழுகு தடவுகிறார். உடைந்த முனையில் மட்டும் துணியைச் சுருட்டி, விரல் நுனியால் துடைப்பார்.