ராட்டினம் நம்மைத் தேடி வந்த காலமும், நாம் ராட்டினத்தைத் தேடிப் போகும் காலமும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

"டீச்சர், வீட்டோட 22 பேர் தீம் பார்க் போகணும். எப்பப் போகலாம், எப்படிப் பிளான் பண்ணலாம்?" என்னிடம் படித்தவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எங்கே போகலாம் என்பதை உங்கள் கையில் இருக்கிற போனே சொல்லிவிடும். எப்போது போவது, காசை எப்படிப் பிரிப்பது என்பதுதான் சிக்கல். அதற்கு நம்ம வட்டாரச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

எங்கள் சிறு வயதில் யாரும் ராட்டினத்தைத் தேடிப் போனதில்லை. ராட்டினம்தான் நம்மைத் தேடி வந்தது. விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் சாட்டினால் போதும், பொருட்காட்சிக்கும் நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். கே.வி.எஸ். பள்ளி மைதானத்தில் கொட்டகை எழும்பும். மரணக் கிணறு, டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, வளையல் கடை, எல்லாவற்றுக்கும் மேலே விளக்குப் போட்ட ராட்சத ராட்டினம். இந்த ராட்டினத்துக்கு அண்ணன் ஒன்று 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ பொருட்காட்சியில் சுற்றியது. ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பொறியாளர் கட்டியது. உயரம் 264 அடி, 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். நம் பெரிய குடும்பம் மொத்தமும் ஒரே பெட்டியில் ஏறிய பிறகும் இடம் மிச்சம் இருந்திருக்கும்!

பொருட்காட்சியில் நுழைவுச் சீட்டு தனி, ராட்டினத்துக்குத் தனி. ஏறுகிறவன் ஏறுவான், ஏறாதவர் மணலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றபடி வேடிக்கை பார்ப்பார். என் அப்பத்தா வருடம் தவறாமல் வந்தார். ஒரு முறைகூட ராட்டினம் ஏறியதில்லை. அவருக்கு ஆன செலவு நுழைவுச் சீட்டும் ஒரு சோடாவும்.

பிறகு காலம் மாறியது. தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றுப் பெயர் வாங்கிய வி.ஜி. பன்னீர்தாஸ் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் தங்கக் கடற்கரையை உருவாக்கினார். சுற்றுலா போய் வந்த நம்ம ஊர்க்காரர்கள் வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதரைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். டெல்லியில் 1984 நவம்பர் 19 அன்று அப்பு கர் திறந்தார்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக்குட்டி அப்புவின் பெயர் அது. அதே 1984-இல்தான் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தோமே, அதேதான். அதை எடுத்த நவோதயா அப்பச்சன் 1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். வாலி, சுக்ரீவனின் குரங்கு ராஜ்ஜியத்தின் பெயர். குதித்து ஆடுகிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. முட்டுக்காடு பக்கம் எம்.ஜி.எம்., நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கடைசியில் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மதுரை பரவையில் அதிசயம். சென்னை நமக்கு 500 கி.மீ.க்கு மேல். பரவை என்றால் விடிந்து கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

இந்தப் பூங்காக்களோடு ஒரு புது வழக்கமும் வந்தது: ஒரே டிக்கெட், உள்ளே எல்லாவற்றிலும் ஏறிக்கொள். இது ஆதியிலிருந்தே இருந்த முறை அல்ல. இவற்றுக்கெல்லாம் முன்மாதிரியான கலிபோர்னியா டிஸ்னிலேண்டு 1955-இல் திறந்தபோது, நம் பொருட்காட்சி மாதிரியே நுழைவுக்கு ஒரு காசு, விளையாட்டுக்குத் தனிச் சீட்டு என்றுதான் இருந்தது. 1982-இல்தான் அந்தச் சீட்டுப் புத்தகங்களை அடியோடு நிறுத்தி ஒரே கட்டணம் ஆக்கினார்கள். 18 வயதுப் பையனுக்கு அது கொள்ளை லாபம். முட்டி வலியோடு நிழலில் உட்காரப்போகிற அப்பத்தாவும் அநேகமாக அவன் கட்டும் காசைத்தான் கட்ட வேண்டியிருக்கும். 22 பேரில் ஏறாதவர் எட்டுப் பேர் என்றால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் விட்டால் இந்தச் சரித்திரம் பாதிதான்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தது எண்பதுகளில், சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பிள்ளை இருக்காது. விடியுமுன்னே கம்பெனி வண்டி வந்து ஏற்றிப் போய்விடும். வீட்டில் இருக்கும் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டுவார்கள். மே மாத விடுமுறை என்றால் கூடுதலாக ஒட்டுவார்கள். விடுமுறைக்கு அந்த வீடுகளில் அதுதான் அர்த்தம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. தீர்ப்பு வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெஞ்சுகள் நிறைந்தன.

அன்று பசை ஒட்டிய விரலோடு வகுப்புக்கு வந்தவர்கள்தான் இன்று "டீச்சர், பிள்ளைகளைத் தீம் பார்க் கூட்டிப் போகணும்" என்று கேட்கிறீர்கள். உங்களில் பலருக்கு உங்கள் பிள்ளை போகிற அந்த நாள்தான் உங்களுக்கும் முதல் நாள். அதனால்தான் இதைச் சாதாரணப் பிக்னிக் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

சரி, எப்போது போவது? வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மே மாதம் என்கிறார்கள். நம்ம வெயில்தான் பட்டாசுக்கு மூலதனம். மருந்து காய வேண்டும், மழை வந்தால் வேலை நிற்கும். ஆகவே மே மாதம் ஆலையில் வேலை மும்முரமான மாதம். செய்த உருப்படிக்குத்தான் கூலி. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சோறு. தீபாவளி முடிந்தால் ஆலைகள் பல வாரம் மூடிக் கிடக்கும், பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். கையில் போனஸ் இருக்கும், குற்றாலத்துக்கு வேன் கிளம்பும். ஆனால் அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அடைமழை வேறு. இரண்டும் ஒத்து வருகிற இடம் ஒன்று உண்டு. சிவகாசி பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கல். ஆலைக்கும் விடுமுறை, பள்ளிக்கும் விடுமுறை. அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஆலை திறப்பதற்குள் ஒரு நாளைப் பிடியுங்கள். வெளியூர்க்காரர்கள் அதற்கேற்ப லீவு போடட்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு மெயில்.

அடுத்தது காசு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "தலைக்கு இவ்வளவு" என்று ஒருவர் போடுவார். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். இரண்டு வீடு மட்டும் பேசாது. கிளம்புவதற்கு முதல் நாள் "சின்னவனுக்குக் காய்ச்சல், நீங்க போயிட்டு வாங்க மதினி" என்று போன் வரும். எந்தக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். ஆலை வேலைக்குப் போகிற என் நாத்தனார் மகள் வீட்டுக்கு இரண்டு முறை அந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது.

தலைக்கு இவ்வளவு என்பது நம்ம ஊர் வழக்கமே இல்லை. விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்திலேயே வியாபாரிகள் மகமை வைத்திருந்தார்கள். வாங்கி விற்கிற சரக்குக்கு, மூட்டைக்கு இவ்வளவு என்று பொது நிதிக்கு எடுத்து வைப்பார்கள். நிறைய மூட்டை ஏற்றியவர் நிறையக் கொடுத்தார், கொஞ்சம் ஏற்றியவர் கொஞ்சம் கொடுத்தார். கோயில் திருவிழாவில் இருவருக்கும் ஒரே விபூதி. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்தார்கள். யார் பானையில் எவ்வளவு பெரிய பிடி என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்தப் பள்ளியின் மைதானத்தில்தான் நாம் ராட்டினம் சுற்றினோம்.

எங்கள் வீட்டில் இந்த முறை மகமைக் கணக்குத்தான். தை மாதமே ஆரம்பித்தாயிற்று. சம்பளம் வாங்குகிறவர்கள் மாதாமாதம் அவரவர் சம்பளத்துக்கேற்ப என்னிடம் தந்துவிட வேண்டும். நோட்டு என் பீரோவில் இருக்கும். யார் எவ்வளவு என்று குரூப்பில் போடமாட்டேன். ஆலை வேலைக்குப் போகிற வீடுகள் தருவதைத் தரட்டும். சாத்தூர் சேவு வாங்கி வந்தாலும் மகமைதான்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். பல பூங்காக்களில் பிள்ளைகளுக்கு டிக்கெட் வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து. வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்துகொண்டு போங்கள். புளியோதரைத் தூக்கை உள்ளே விடமாட்டார்கள், வேனிலேயே காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் விளையாட்டுக்குச் சேலையோடு இறங்க விடமாட்டார்கள், அத்தைமாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டமாகப் போனால் கட்டணத்தில் சலுகை உண்டா, ஏறாத பெரியவர்களுக்குக் குறைப்பார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். குறைக்காவிட்டால் அவர்களை மீனாட்சி அம்மன் கோயிலிலும் நாயக்கர் மகாலிலும் இறக்கிவிட்டு, சாயங்காலம் வேனை அனுப்பி ஏற்றிக்கொள்ளலாம். கூட ஒரு இளவட்டம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு நானே பெயர் கொடுத்துவிட்டேன். 60-க்கு மேல் ஆனாலும் அந்தக் கூட்டத்தில் நான்தான் இளவட்டம்.