கார் ஷெட்டில் கட்டிய விமானம்: ஒரு மரபின் வளர்ச்சியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும்

முன்னுரை

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் என்றாலே பலருக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு மேற்கே எழும் மலைத்தொடரைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். அங்கே தொடுபுழை வட்டாரத்துத் தட்டக்குழையைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் தம் கையால் கட்டிய, இருவர் அமரக்கூடிய சிறு விமானம் 2014இல் மலைக்கு இப்பால், திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் வானேறியது.

இந்நிகழ்வைத் தனிமனித சாதனையாகவே இதுவரை கொண்டாடியிருக்கிறோம். ஒரு நெடிய வரலாற்றின் பகுதியாக அதை வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். துணிச்சல்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் வரைபடம், பாகங்கள், பரிசோதகர் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைத்த நாடுகளில் மட்டுமே வீட்டு விமானம் ஒரு மரபாக வேரூன்றியது. நம்மிடம் முதல் இரண்டும் உள்ளன; மூன்றாவதை இனிமேல்தான் உருவாக்க வேண்டும்.

வரைபடங்களின் காலம்

விமான முன்னோடி சாந்தோஸ்-டுமோன் தம் ‘டெமுவாசெல்’ விமானத்துக்குக் காப்புரிமை கோரவில்லை. அதன் வரைபடம் 1910இல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. மூங்கிலும் துணியும் சிறு எஞ்சினும் உடைய எவரும் முயன்று பார்க்கலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது.

அதே 1910ஆம் ஆண்டு மார்ச்சில் சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ், ஆங்கிலக் கால்வாயை விமானி பிளேரியோ பறந்து கடந்த செய்தியால் உந்தப்பட்டு, சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் தம் விமானத்தைக் கட்டச் செய்து தீவுத்திடலில் பறந்து காட்டினார். குதிரை வண்டிகளைக் கட்டிப் பழகிய தொழிலாளர்களின் கைகள் விமானத்தைக் கட்டின என்பது நம் தொழில் வரலாற்றில் அழுத்தமாகப் பதியவேண்டிய செய்தி. ஆனால் அம்முயற்சியைத் தொடர இங்கே வழித்தோன்றல்கள் அமையவில்லை.

மேலைநாடுகளில் தொடர்ச்சி இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு ‘மாடல் ஏ’ கார் எஞ்சினைப் பொருத்தி ‘ஏர் கேம்பர்’ விமானத்தை உருவாக்கினார். சிகாகோவில் எட் ஹீத் தம் ‘பாரசோல்’ விமானத்தின் பாகங்களைப் பெட்டியில் அடைத்தே விற்றார். பிரான்சில் ஆன்ரி மின்யே 1934இல் வெளியிட்ட நூல், ‘வானத்துத் தெள்ளுப்பூச்சி’ எனப் பெயர்பெற்ற அவரது சிறு விமானத்தைக் கட்டும் ஆசையை ஐரோப்பா முழுவதும் பரப்பியது.

அந்த அலையே முதல் பாடத்தையும் கற்பித்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் தெள்ளுப்பூச்சி விமானங்கள் அடுத்தடுத்து விழுந்து உயிர்கள் போயின. காற்றுச் சுரங்கச் சோதனை காரணத்தைக் காட்டியது. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் மிக அருகில் அமைந்ததால் ஒன்றின் காற்றோட்டம் மற்றதைப் பாதித்தது. மூக்கு ஓரளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால் நிமிர்த்த முடியவில்லை. கட்டியவர்களின் உழைப்பில் குறை இல்லை. வரைபடத்திலேயே இருந்த பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல ஓர் அமைப்பு இல்லை.

பெட்டியும் பரிசோதகரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த அமைப்பு உருவாயிற்று. பிரிட்டனில் 1946இல் தோன்றிய சிறு விமானச் சங்கம், இன்று இலகு விமானச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. அரசின் ஒப்புதலோடு அதன் பரிசோதகர்களே வீடுகளுக்குச் சென்று கட்டுமானத்தைக் கட்டம் கட்டமாகச் சரிபார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1953இல் பால் போபரெஸ்னி பரிசோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தாமே கட்டியிருந்தால், ‘பரிசோதனை’ வகையில் அனுமதி பெறலாம் என்பது அந்நாட்டு விதி. ‘51 விழுக்காடு விதி’ என்று பரவலாக அறியப்படுவது இதுதான்.

இந்த அடித்தளத்தின் மீதுதான், வீட்டில் கோத்துக்கொள்ளும் பாகங்களைப் பெட்டியாக விற்கும் ‘கிட்’ தொழில் எழுந்தது. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் 1970களில் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் பல்லாயிரக்கணக்கில் பறந்தன. இவ்வகைக் கிட்டில் வேலை நடக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அலுமினியத் தகட்டின் துளை விளிம்பில் உள்ள பிசிறைத் தேய்த்து நீக்கவேண்டும். விட்டால் நாளடைவில் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். பிறகு ஒருவர் ரிவெட்டை முன்புறமிருந்து அடிக்க, மற்றவர் பின்புறம் கனமான இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்கவேண்டும். நசுங்கிய தலையின் அகலம் ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கும், உயரம் விட்டத்தில் பாதியும் இருக்கவேண்டும். குறைந்தால் பிடிப்பு போதாது. அளவுக்கு மீறி நசுங்கினால் அந்த ரிவெட்டைத் துளையிட்டு எடுக்கவேண்டும். ஒரு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். இறக்கையை மூடிவிட்டால் உள்ளிருக்கும் பிழை வெளியே தெரியாது என்பதால், மூடும் முன் பயிற்சி பெற்ற மற்றொருவரின் கண் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவின் இரு தடங்கள்

இந்தியாவிலும் இத்தொழில்நுட்பம் காலூன்றியது. பர்ட் ரூட்டன் வீட்டுக் கட்டுநர்களுக்காக வடிவமைத்த ‘லாங்-ஈஸி’, நுரைப் பலகையை வெட்டி அதன்மேல் கண்ணாடியிழைத் துணியும் பிசினும் பூசிக் கட்டப்படுவது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் அதனை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டி 1987இல் பறக்கவிட்டது. அந்த அனுபவத்தைத் தொடர்ந்து 1993இல் ‘ஹன்சா’ பயிற்சி விமானம் பறந்தது. கார் ஷெட்டுக்காகப் பிறந்த வடிவம் தேசிய ஆய்வகத்துக்கு ஆசானாயிற்று.

இரண்டாவது தடம் வணிகம் சார்ந்தது. பெங்களூரின் ராஜ் ஹம்சா அல்ட்ராலைட்ஸ் நிறுவனம், அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் மீது தைத்த துணியைப் போர்த்திய ‘எக்ஸ்-ஏர்’ விமானங்களைக் கிட்டாக ஏற்றுமதி செய்தது. பிரிட்டனில் வீட்டிலேயே அவற்றைக் கோத்துப் பறந்தவர்கள் பலர். பெட்டியைச் செய்து உலகுக்கு அனுப்பும் திறன் நம்மிடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மலைக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும்

ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து தொடங்குகிறது சஜியின் கதை. பல ஆண்டு உழைப்புக்குப் பின் உருவான அவரது விமானத்தை, ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் மணிமுத்தாறில் பறக்கவைத்தார். சஜியின் வாழ்க்கையைத் தழுவி 2017இல் ‘விமானம்’ என்ற மலையாளப் படமும் வந்தது. கவனிக்கவேண்டியது, அவருக்குப் பரிசோதகராக அமைந்தது எந்த நிறுவன ஏற்பாடும் அன்று, ஒரு மூத்த விமானியின் நல்ல மனம்.

மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ் அடுக்குமாடிக் கட்டட மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம், 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. பதிவு 2017 நவம்பரில்தான் கிடைத்தது. பறப்பதற்கான அனுமதி 2019இல். கட்டுவதற்குப் பட்ட பாட்டைப் போலவே காகிதத்துக்கும் பாடுபட வேண்டியிருந்தது.

கேரளத்தின் ஆலப்புழைக்காரரான பொறியாளர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் வாழ்கிறார். தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்லிங்’ நிறுவனத்திடமிருந்து நான்கு இருக்கை கிட் வாங்கி, கொரோனா ஊரடங்குக் காலத்தில் எசெக்ஸில் உள்ள வீட்டிலேயே கட்டி, 2022இல் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தார். இடுக்கிக்காரரும் ஆலப்புழைக்காரரும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள். ஆர்வத்திலும் உழைப்பிலும் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர். ஒருவருக்குக் கிட்டும், கட்டம் கட்டமான பரிசோதனையும், தெளிவான அனுமதி முறையும் கிடைத்தன. மற்றவர் ஒவ்வொன்றையும் தேடி அலைந்தார். பொருள்வசதியின் வேறுபாட்டையும் மறுப்பதற்கில்லை. ஆனால் விமானம் தயாரான பிறகும் யாதவ் காத்திருந்த ஆண்டுகள், தடை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையுச்சிக்கு அருகே, வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரம் என்ற ஊரில் என்.சி.சி.க்காக அமைந்த 650 மீட்டர் ஓடுபாதையில் 2022 டிசம்பர் 1 அன்று ‘வைரஸ் எஸ்.டபிள்யூ-80’ சிறு விமானம் இறங்கியது. குமுளி வழியே தேனி மாவட்டக் கம்பத்துக்காரர்கள் போய்வரும் தொலைவு அது.

கம்பம் கணவாய் தமிழகத்தின் முக்கியக் காற்று வழிகளில் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் சீறும் அந்தக் காற்று காற்றாலைகளுக்கு வரம், 450 கிலோவுக்கு உட்பட்ட சிறு விமானங்களுக்குச் சோதனை. அதே காற்றாலைகளின் இறக்கைகள் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்தவை. அவற்றைச் செப்பனிடும் கைத்திறன் விமான இறக்கைக்கும் உதவக்கூடியது. லேத் பட்டறைகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை.

முடிவுரை

1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம் விடைபெற்று, 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. விதிகளைப் புதிதாக வகுக்க இது தக்க தருணம். பாதுகாப்பு விதிகளைத் தளர்த்த வேண்டாம்; தெள்ளுப்பூச்சி விமானங்கள் பலிகொண்ட உயிர்களை மறந்து யாரும் அதைக் கேட்கக் கூடாது. வேண்டியது, பயிற்சி பெற்ற பரிசோதகர்களை மாவட்டந்தோறும் உருவாக்கி, சிறு விமானக் கட்டுமானத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பை அவர்களிடம் அளிப்பது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் மதுரை, தேனிப் பகுதிப் பொறியியல் கல்லூரிகளும் இணைந்தால் இதைத் தொடங்கலாம். சஜிக்கு ஒரு விங் கமாண்டர் கிடைத்தார். அடுத்து வருபவருக்கு ஓர் அலுவலக முகவரியாவது கிடைக்கவேண்டும்.