எட்டாங்கிளாஸும் லாரி லைசென்ஸும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்குச் சாலை மார்க்கெட்தான். (ஊரில் இருப்பவர்களுக்கு: இது ரோடு இல்லை. இடத்தின் பெயரே சாலை. மலையாளத்தில் 'சால' என்பார்கள்.) பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் வந்த பாண்டிநாட்டுச் சரக்கு இப்போது லாரியில் வருகிறது. காய்கறி, அரிசி, முட்டை, பூ எல்லாம் இறங்கும். கூடவே நம் தமிழும் இறங்கும். நாமக்கல் பக்கத்துக்காரனான எனக்கு, 'ஏனுங்க' என்று யாராவது யாரையாவது கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே அங்கே போகலாம்.

போன வருடம் ஒரு ஞாயிறு. டீக்கடை பெஞ்சில் ஒருவர் தீப்பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் கொண்டிருந்தார். பக்கத்தில் பீடித் துண்டுகளை வரிசையாக நட்டுவைத்த மாதிரி அடுக்கியிருந்தார். வேடிக்கையாக இருந்ததால் என்னவென்று கேட்டேன்.

"ஹெவி லைசென்ஸ் டெஸ்டுங்க சார். ரிவர்ஸ்லயே வந்து 'டி' போடோணும். கம்பி தட்டக் கூடாதுங்க."

கேரளத்தில் இது பிரசித்தம். இரண்டு சக்கரத்துக்கு 'எட்டு', காருக்கு 'எச்', கனரக வண்டிக்கு 'டி'. பேச்சுக் கொடுத்தேன். திருச்செங்கோடு பக்கம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினைந்து வயதில் முட்டை லாரியில் கிளீனராக ஏறியவர். பிறந்தது 1988. பதினெட்டு வயதில் கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டார். ஆனால் வாடகை வண்டி ஓட்டும் லைசென்ஸுக்கு இருபது வயது ஆகவேண்டும். அவருக்கு இருபது ஆனது 2008-ல். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2007-ல், எட்டாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

"ஒரு வருசம் முந்திப் பொறந்திருந்தா இந்நேரம் டிரைவருங்க சார்," என்றார். சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை. ஏனென்றால் அந்த விதியின் இன்னொரு பக்கத்தில், வங்கியின் கடன் பிரிவு மேஜையில், நான் உட்கார்ந்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்த டெஸ்டுகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

வண்டி முதலில் வந்தது, லைசென்ஸ் பிறகு வந்தது, டெஸ்ட் அதற்கும் பிறகுதான். இங்கிலாந்தில் 1903-ம் வருடச் சட்டம் லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும், ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். டெஸ்ட் கட்டாயமானது 1935 ஜூன் 1 முதல்தான். இங்கே 1914-ல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1939-ல் வந்த அடுத்த சட்டம், ஓட்டத் தெரியும் என்று என்னென்ன செய்து காட்டவேண்டும் என்பதைத் தனி அட்டவணையாகவே போட்டது. பிறகு 1988-ம் வருடச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. திருத்தங்களோடு இன்றைக்கும் அதுதான்.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் முன்னால், 1938-ல், இதே திருவனந்தபுரத்தில் ஒரு சுவாரசியமான காட்சி. திருவிதாங்கூர் அரசு சொந்தமாக பஸ் விடத் தீர்மானித்து, லண்டன் போக்குவரத்து வாரியத்தில் இருந்த சால்ட்டர் என்பவரை அழைத்து வந்தது. பிப்ரவரி 20-ம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். மகாராஜாவும் உறவினர்களும் ஏறிய முதல் பஸ்ஸை ஓட்டியது சால்ட்டரேதான். முதல் தடம் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு (அப்போது அதுவும் திருவிதாங்கூர்தான், 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது). இதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. அந்த சர்வீஸில் இன்ஸ்பெக்டராகவும் கண்டக்டராகவும் சுமார் நூறு பட்டதாரிகளை வேலைக்கு எடுத்தார்கள். டிக்கெட் கிழிக்க டிகிரி! ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவரிடம் பார்க்க வேண்டியது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கணக்கு எழுதுவதற்குப் படிப்பு வேண்டும், வண்டிக்குக் கையும் கண்ணும் வேண்டும்.

அந்தக் கையும் கண்ணும் நம் ஊரில் எங்கே தயாராயின? எந்தப் பள்ளியிலும் இல்லை, லாரியின் இடதுபக்க சீட்டில். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பையன் கிளீனராக ஏறுவான். வண்டி கழுவுவான், தார்ப்பாய் கட்டுவான், இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்திலேயே காற்று இருக்கிறதா என்று சொல்வான். ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே இறங்கி 'வரட்டும் வரட்டும்' என்று பின்பக்கத்தைத் தட்டுவான். சில வருடம் கழித்து, ஆளில்லாத பொட்டலில் டிரைவர் அண்ணன் மனசு வைத்தால் ஸ்டியரிங் கைக்கு வரும். கொஞ்சம் திட்டு, கொஞ்சம் அடி, நிறைய ராத்திரி. அந்தக் காலேஜில் படித்து முடிக்க நாலைந்து வருடம் ஆகும். நான் பி.காம். முடித்ததைவிடக் கூடுதல்தான் :-)

சட்டம் இந்தக் கல்லூரியை ஒருபோதும் அங்கீகரிக்கவில்லை. 1988-ம் வருடச் சட்டப்படி வாடகை வண்டி லைசென்ஸுக்கு இருபது வயது ஆகியிருக்க வேண்டும், இலகுரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், அரசு லைசென்ஸ் பெற்ற டிரைவிங் ஸ்கூலின் சான்றிதழ் வேண்டும். கூடவே ஒரு வரி: மத்திய அரசு விதிக்கும் குறைந்தபட்சக் கல்வித் தகுதியும் வேண்டும். அந்த வரிக்கு 2007-ல் எட்டாம் வகுப்பு என்று உருவம் வந்தது. ஏற்கெனவே வாடகை வண்டி லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு, புதுப்பிக்கும்போதும் கேட்கமாட்டார்கள். ஆகவே அடி விழுந்தது அப்போது கிளீனர் சீட்டில் இருந்த தலைமுறைக்கு மட்டும். நோக்கம் நல்லதுதான். சாலை போர்டு படிக்க வேண்டும், காகிதம் படிக்க வேண்டும், விபத்து குறைய வேண்டும். ஆனால் ஏழாவது ஃபெயிலுக்கும் எட்டாவது பாஸுக்கும் நடுவில் பிரேக் பிடிக்கத் தெரிவதில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் இல்லை.

இப்போது என் மேஜைக்கு வருகிறேன். டாடா ஏஸ், அதாவது நம் 'குட்டி யானை', 2005-ல் வந்தது. சின்ன வண்டி, சின்னக் கடன், கூலிக்காரர் முதலாளியாகும் வாய்ப்பு. 2008 வாக்கில் ஊர்ப்பக்கத்துக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் இருந்தேன். வருகிறவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, லைசென்ஸ் இருக்கிறதா என்பது. காரணம், வண்டி எங்களுக்கு அடமானம். விபத்து நடந்து டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும்? உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அடிபட்ட மூன்றாம் மனிதருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டியிருக்கலாம். ஆனால் லைசென்ஸ் விஷயத்தில் வண்டிக்காரர்மேல் தப்பு என்று நிரூபித்தால், அந்தப் பணத்தை அவரிடமே திரும்ப வசூலிக்கலாம். ஒரே ஒரு காகிதம் இல்லாததால் ஒரு குடும்பம் பல லட்ச ரூபாய் கடனாளியாகிவிடும்.

பத்து வருடம் கிளீனராக இருந்த ஒருவர் வந்தார். வண்டியை நட்டு நட்டாகப் பிரித்து மாட்டத் தெரிந்தவர். எட்டாவது சான்றிதழ் இல்லை, அதனால் லைசென்ஸ் இல்லை, அதனால் நான் கடன் கொடுக்கவில்லை. "எட்டாவது படிச்ச பையன் யாரையாச்சும் டிரைவரா வெச்சுக்கறனுங்க," என்றார். வாங்கப்போகும் வண்டியில் அவரே மறுபடி கிளீனராக உட்காரத் தயாராக இருந்தார். டிரைவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தவணை கட்டுப்படியாகவில்லை. ஃபைலை மூடினேன். விதிப்படி நான் செய்தது சரி. இன்றைக்கும் சரிதான் என்று வாதாடுவேன். ஆனாலும் சாலை மார்க்கெட்டில் அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

இந்தக் கதவு இரண்டு தவணையில் திறந்தது. 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் இலகுரக வண்டிதான், அதை ஓட்டத் தனியாக வாடகை வண்டி அனுமதி தேவையில்லை என்றது. கார் லைசென்ஸ் இருந்தால் குட்டி யானை ஓட்டலாம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளாமல் கேள்வி எழுப்பின. கடைசியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ம் தேதி அந்தத் தீர்ப்பே சரி என்று முடித்துவைத்தது.

இரண்டாவது தவணை 2019. வறண்ட, ஏழ்மையான மேவாத் பகுதியில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் மக்கள் அதிகம், அவர்களுக்காக இந்தக் கல்வித் தகுதியைத் தளர்த்துங்கள் என்று ஹரியானா அரசு கேட்டது. நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை என்று சொன்ன மத்திய அரசு, எட்டாவது விதியை நாடு முழுவதற்குமே எடுத்துவிட்டது. பன்னிரண்டு வருடம்! நம் திருச்செங்கோட்டுக்காரருக்கு இருபது வயது முப்பத்தொன்று ஆகியிருந்தது.

அப்படியானால் காகிதமே வேண்டாம், கிளீனர் சீட்டே போதும் என்று சொல்கிறேனா? இல்லை. அந்தச் சீட்டுக்கும் ஒரு வாட்ச்மேன் இருந்தான். பெண்களை அது ஏற்றவே இல்லை. ராத்திரி ஓட்டம், வண்டியடியில் தூக்கம், எந்த அப்பா அனுப்புவார்? கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் தமிழ்நாடு அரசு பஸ் டிரைவராகச் சேர்ந்தபோது அவருக்கு எந்த அண்ணனின் சிபாரிசும் உதவியிருக்காது. கனரக லைசென்ஸும் டெஸ்டில் ஓட்டிக் காட்டியதும்தான் கைகொடுத்தன. 2021-ல் திருச்சூர் மாவட்டத்தில் எம்.காம். படித்த இளம்பெண் ஒருவர் பெட்ரோல் டேங்கர் லாரி ஓட்டுவது செய்தியானது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அதே வேலையில் இருந்த அப்பா. கிளீனர் சீட்டு அங்கே மகள் சீட்டானது. (எம்.காம். என்பதால் எனக்குத் தனிப் பெருமை.) எல்லோருக்கும் பொதுவான டெஸ்ட், வாசலில் நிற்கிறவர் யார் என்று பார்ப்பதில்லை. அதுதான் அதன் நல்ல குணம். 2007-ன் தப்பு டெஸ்ட் வைத்ததில் இல்லை, டெஸ்டுக்கே வரவிடாமல் செய்ததில் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி அங்கே லாரி லைசென்ஸ் எடுத்த கதையைச் சொன்னான். அங்கேயும் 1986-ம் வருடச் சட்டம் வருவதற்கு முன்னால் பல மாநிலங்களில் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டே பெரிய டிரெய்லரை ஓட்டலாமாம். 1992 ஏப்ரல் முதல் தனி லைசென்ஸ் கட்டாயம். அந்த ஓட்டும் தேர்வில் மூன்று பகுதி. முதல் பகுதியில் வண்டியை ஓட்டவே வேண்டாம். சுற்றி நடந்து டயர், விளக்கு, பிரேக் காற்று, கசிவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது என்ன, எதைப் பார்க்கிறேன் என்று வாயால் சொல்லவேண்டும். பலர் இதற்குத்தான் வாரக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கிளீனர் பையன் விடியற்காலையில் வாயில் பல்குச்சியோடு செய்கிற வேலை அது! அவனுடைய படிப்புக்கு மார்க் போடுகிற ஊரும் இருக்கிறது.

இங்கேயும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்குத் தனி விதிகள் வந்தன. கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம், வகுப்பும் ஓட்டமும் சேர்த்து. 2024-ல் கேரளத்தில் டெஸ்ட் முறையை மாற்றப்போவதாக அறிவித்ததும் பயிற்சிப் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின. திருவனந்தபுரம் முட்டத்தறை மைதானமும் அமளிப்பட்டது. அதே ஜூன் மாதம், சால்ட்டர் தொடங்கிய சர்வீஸின் வாரிசான கேரள அரசு போக்குவரத்துக் கழகம் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் தொடங்கியது. கனரக வண்டிக்கு 9,000 ரூபாய் கட்டணம் என்று அறிவித்தார்கள். 38 மணி நேரமும் 9,000 ரூபாயும் நமக்குச் சின்ன விஷயம். தினக்கூலிக்காரருக்கு அந்த நாட்களின் கூலியும் போகும். 2019-ல் கதவு திறந்தும் நம்மவர் இத்தனை வருடம் தள்ளிப்போட்டது அதனால்தான்.

முதல் தடவை அவருக்குக் கம்பி தட்டிவிட்டது. "சந்துக்குள்ள முட்டை லோடு ரிவர்ஸ் எடுத்தப்ப ஒண்ணுகூட ஒடையலீங்க. கம்பியப் பாத்ததும் கை நடுங்குதுங்க," என்றார். ஃபெயிலானால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம் என்பது சட்டம். போனார். இரண்டாவது முறை தட்டவில்லை.

இப்போது அவர் சாலைக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் வருகிறார், வலதுபக்க சீட்டில். இடதுபக்கத்தில் ஒரு பையன். பத்தாவது படித்திருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னார்.

ஊரிலோ இங்கேயோ, 'எட்டாவது இல்லையே' என்று இன்னும் ஒதுங்கியிருக்கிற சித்தப்பாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்த விதி 2019-லேயே போய்விட்டது என்று சொல்லுங்கள். நான் பேசிப் பார்த்ததில் நாலு பேரில் இரண்டு பேருக்கு இது தெரியவில்லை.