றொக் இசையின் பாடபேதங்கள்: பழைய இறுவட்டும் புதிய பதிப்பும்

1982 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1 ஆம் திகதி ஜப்பானில் சோனி நிறுவனம் தனது முதலாவது இறுவட்டு இயக்கியை விற்பனைக்கு விட்டது. அன்று கடைகளுக்கு வந்த இறுவட்டுகளில் ஒன்று அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் 'ஃபிஃப்டி செகண்ட் ஸ்ட்ரீட்'. ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் சோனியும் இணைந்து உருவாக்கிய அந்த 12 சென்ரிமீற்றர் வட்டில் ஊசி உராய்வதில்லை. ஆகவே தேய்மானமும் இல்லை. குறையற்ற ஒலி, என்றென்றைக்கும் மாறாத ஒலி என்றுதான் அதனை விளம்பரப்படுத்தினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் திரும்பிப் பார்த்தால், வட்டு அப்படியேதான் இருக்கிறது. அதற்குள் இடப்பட்ட இசைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒரே அட்டைப்படம், ஒரே பெயர், ஒரே பாடல்வரிசை. ஆனால் 1985 இல் வாங்கிய வட்டும் 2005 இல் வாங்கிய வட்டும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. பழைய ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றியவர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருவார்கள். இசை நிறுவனங்களிடம் அந்த வழக்கம் பெரும்பாலும் இல்லை. எந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்தோம், எதை மாற்றினோம் என்று சொல்லாமலே பழைய பதிப்பை அகற்றிவிட்டுப் புதியதை வைத்துவிடுகிறார்கள். எனவே இது ஒலி இரசிகர்களின் பொழுதுபோக்கு விவாதம் மட்டுமன்று. ஆவணக் காப்பகம் சார்ந்த வினாவுமாகும்.

முதலில் பழைய இறுவட்டுகளின் கதையைப் பார்ப்போம். 1980களின் நடுப்பகுதியில் இறுவட்டுக்குத் திடீரெனப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. அலமாரியில் எந்த ஒலிநாடா கைக்கு எட்டியதோ அதையே டிஜிட்டலாக மாற்றி அனுப்பிய நிறுவனங்கள் பல. அவ்வாறு அகப்பட்டவற்றுள் இசைத்தட்டு வெட்டுவதற்கெனத் தயாரிக்கப்பட்ட பிரதிகளும் இருந்தன. இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து ஊசி துள்ளிவிடக்கூடாது என்பதற்காகத் தாழ்ந்த சுருதிகளை அடக்கியும், உயர்ந்த சுருதிகளைக் கட்டுப்படுத்தியும் செய்யப்பட்ட பிரதிகள் அவை. இன்னும் சில, பிரதியின் பிரதிகள். ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் இரைச்சல் கூடும், தெளிவு குன்றும். இறுவட்டின் ஒலி வரண்டது, உயிரற்றது என்ற அக்காலப் பழிச்சொல்லுக்கு இந்த அவசரமும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் அந்த வட்டுகளுக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்ற இறுவட்டின் அளவுத்திட்டம், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியை அனுமதிக்கிறது. அன்றைய பொறியியலாளர்கள் அதற்குள் இசையைத் தாராளமாக மூச்சுவிட அனுமதித்தார்கள். கிற்றார் மெல்லத் தொடங்கினால் மெல்லவே கேட்கும். டிரம்ஸ் அடி விழும்போது அது உண்மையிலேயே அறையை அதிரவைக்கும். ஜப்பானில் 1983 இல் வெளியாகி விரைவிலேயே மீளப்பெறப்பட்ட பீட்டில்ஸின் 'அபே றோட்' இறுவட்டை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலைவதற்கு அதன் அருமை மட்டுமன்றி, அந்த ஒலியும் காரணமாகும். உலகச் சந்தைக்கான அதிகாரபூர்வ இறுவட்டு 1987 இலேயே வந்தது.

இனி மறுசீரமைப்புப் பதிப்புகள், அதாவது றீமாஸ்டர்கள். இவை தோன்றியதன் நோக்கம் நல்லதே. உண்மையான மூல ஒலிநாடாவைத் தேடிக் கண்டெடுத்து, முன்னிலும் துல்லியமான கருவிகளால் மீண்டும் டிஜிட்டலாக மாற்றுவதே அந்த நோக்கம். ஜெத்ரோ டல் குழுவின் 'அக்குவாலங்' (1971) கலங்கிய ஒலிக்குப் பேர்போன ஆல்பம். 2011 இல் ஸ்டீவன் வில்சன், பல தடங்களில் பதிவான மூல நாடாக்களுக்கே திரும்பிச் சென்று புதிய ஒலிக்கலவை செய்தபோதுதான், அதற்குள் அத்தனை வாத்தியங்கள் ஒளிந்திருந்தமை பலருக்குத் தெரியவந்தது. அங்கே பழையதே சிறந்தது என்று பிடிவாதம் பிடிப்பவர் குறைவு.

சிக்கல் வேறிடத்தில் நேர்ந்தது. இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்டால், சற்று உரக்க ஒலிப்பதையே மனிதச் செவி சிறந்தது என்று கருதும். இது வணிகர்களுக்கு நன்கு தெரியும். டிஜிட்டல் ஒலிக்கோ தாண்டமுடியாத ஓர் உச்சவரம்பு உண்டு. ஆகவே ஒட்டுமொத்த இசையையும் உரக்க ஒலிக்கச் செய்வதற்கு ஒரே வழி, உச்சியில் நிற்கும் டிரம்ஸ் அடிகளை நசுக்கிவிட்டு மற்றெல்லாவற்றையும் மேலே தூக்குவதுதான். 1994 இல் வேவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'எல்1' போன்ற டிஜிட்டல் லிமிட்டர் கருவிகள் இந்த வேலையை மிக எளிதாக்கின. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்தது 'உரப்புப் போர்' என்றே அழைக்கப்படுகிறது. 96 டெசிபெல் இடமிருந்த வீட்டில், எல்லோரும் கூரையில் தலை முட்ட நின்ற கதை அது.

இதன் உச்ச உதாரணம் ஸ்டூஜஸ் குழுவின் 'றோ பவர்'. 1973 இல் வெளிவந்த இந்த ஆல்பத்தின் ஒலிக்கலவையைச் செய்தவர் டேவிட் போவி. அது மெலிந்த ஒலி என்ற குறை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1997 இல் குழுவின் பாடகர் இக்கி பொப் தாமே புதிய கலவை செய்தார். வரலாற்றில் மிக உரத்த இறுவட்டுகளுள் ஒன்று என்று இன்றும் எடுத்துக்காட்டப்படுவது அதுவே. படைத்தவரே செய்தார் என்பதால் அதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. எனினும் 2010 இல் அதே நிறுவனம் போவியின் கலவையை மறுபடியும் வெளியிட்டது கவனிக்கத்தக்கது.

பீட்டில்ஸ் குழுவின் வரலாறு இன்னும் சிக்கலானது. 1987 பெப்ரவரி 26 ஆம் திகதி அவர்களின் முதல் நான்கு ஆல்பங்களும் மோனோ ஒலியில் மட்டுமே இறுவட்டாக வந்தன. 'ஹெல்ப்!', 'றபர் சோல்' ஆகிய இரண்டின் 1965 ஆம் ஆண்டு ஸ்டீரியோ கலவையில் திருப்தியுறாத தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின், 1986 இல் அவற்றை மீண்டும் கலந்தார். ஆகவே 1987 இல் அவ்விரு இறுவட்டுகளையும் வாங்கியவர்கள் கேட்டது 1965 இன் ஒலியை அன்று. நான்கு ஆண்டு உழைப்பின் பின் 2009 செப்டெம்பர் 9 ஆம் திகதி வெளிவந்த ஸ்டீரியோ மறுசீரமைப்பிலும் அந்த 1986 கலவைகளே இடம்பெற்றன. 1965 இன் அசல் ஸ்டீரியோவைக் கேட்க விரும்பியவர், விந்தையாக, மோனோ பெட்டகத்தை வாங்க நேர்ந்தது. அதில்தான் அது மேலதிகமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டின் ஸ்டீரியோ வட்டுகளில் லிமிட்டர் அளவோடு பயன்படுத்தப்பட்டது. மோனோ வட்டுகளில் அறவே பயன்படுத்தப்படவில்லை.

பழைய இறுவட்டு எல்லாமே அசல் என்று நம்புவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஸீ ஸீ டொப் குழுவின் 'ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்' 1973 ஆம் ஆண்டுப் படைப்பு. 1987 இல் அக்குழுவின் ஆரம்பகால ஆல்பங்கள் இறுவட்டுத் தொகுப்பாக வந்தபோது, டிரம்ஸ் ஒலி 1980களின் மோஸ்தருக்கேற்ப மாற்றப்பட்டிருந்தது. இந்த ஆல்பத்தின் அசல் கலவை 2006 இல்தான் இறுவட்டில் மீண்டது. இங்கே பின்வந்த பதிப்பே மூலத்துக்கு நெருக்கமானது.

இதனினும் பாரதூரமானது ஒஸி ஒஸ்போர்னின் முதலிரு தனி ஆல்பங்களுக்கு நேர்ந்தது. 2002 இல் அவை மறுவெளியீடு கண்டபோது, பொப் டெய்ஸ்லியின் பாஸ் கிற்றாரும் லீ கேர்ஸ்லேக்கின் டிரம்ஸும் நீக்கப்பட்டு, வேறு இரு கலைஞர்கள் வாசித்த புதிய பதிவுகள் சேர்க்கப்பட்டன. அவ்விருவருக்கும் ஒஸ்போர்ன் தரப்புக்கும் இடையே ஊதியம் தொடர்பான வழக்கு இருந்தது. 2011 இல் மூலப் பதிவுகள் திரும்பி வந்தன. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அந்த மறுவெளியீட்டை வாங்கிய இளைஞர் ஒருவர், டெய்ஸ்லியும் கேர்ஸ்லேக்கும் வாசித்த ஒரு சுரத்தைக்கூட அதில் கேட்டிருக்கமாட்டார்.

தம்மிடமுள்ள இரு பதிப்புகளை ஒப்பிட விரும்பும் வாசகர்களுக்கு எளிய வழியொன்று சொல்லலாம். இரண்டையும் ஒரே கருவியில் இயக்குங்கள். புதியது உரக்க ஒலித்தால், இரண்டும் சமமாகக் கேட்கும்வரை அதன் ஒலியளவைக் குறையுங்கள். அதன்பின் டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். அடி தனித்து எழுகிறதா, மற்ற ஒலிகளோடு மட்டமாகிக் கிடக்கிறதா? ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் எந்த ஒப்பீடும் செவியை ஏமாற்றிவிடும்.

மூலத்துக்கே திரும்பிச் சென்று பார்ப்போம் என்றால், அந்த மூலமும் நிலையானதன்று. 1970களில் பயன்படுத்தப்பட்ட சில ஒலிநாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போனது. அவற்றை மிதமான வெப்பத்தில் மணிக்கணக்கில் சூடாக்கிய பின்னரே இயக்க முடிகிறது. 2008 ஜூன் 1 ஆம் திகதி ஹொலிவூட்டின் யுனிவர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில் பெருந்தொகையான மூல நாடாக்கள் அழிந்தன என்று 2019 இல் நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. அழிவின் அளவு குறித்து நிறுவனம் முரண்பட்டபோதிலும், தீ விபத்து நடந்தது உண்மை. மூலம் அழிந்துவிட்ட இடத்தில், 1980களில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட இறுவட்டும்கூடச் சாட்சியாகிவிடக்கூடும்.

இன்று இணையவழி இசைச்சேவைகள் பாடல்களின் ஒலியளவைத் தாமே சமப்படுத்திவிடுவதால், உரப்புப் போருக்கான வணிகக் காரணம் பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆனால் அதே சேவைகளில் பல ஆல்பங்களுக்குப் பிந்திய மறுசீரமைப்பு மட்டுமே கிடைக்கிறது. முந்திய பதிப்பு அங்கே தென்படுவதில்லை. எனவே வீட்டு அலமாரியில் தூசு படிந்திருக்கும் பழைய இறுவட்டுகளைப் பயனற்றவை என்று வீசிவிடாதீர்கள். அவை எல்லாமே நன்றாக ஒலிக்கும் என்பதற்காக அல்ல. ஒரு நூலின் இரண்டாம் பதிப்பு எவ்வளவு திருத்தமாக வந்தாலும், முதற்பதிப்பு கையில் இல்லாவிட்டால் எது திருத்தம், எது சிதைவு என்று எவராலும் சொல்ல முடியாமற் போய்விடும் என்பதற்காகவே.