முற்பணமும் முற்கொடுப்பனவும்: தோட்டத்து போனின் கடன் கதை

சப்ரகமுவத் தோட்டமொன்றில் யாரிடமாவது "உங்க போன் பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குக் கேள்வியே புதுசாக இருக்கும். "காசு போட்டாத்தானே பேசலாம், வேற எப்படி?" என்று திருப்பிக் கேட்பார்கள். தெரணியகலை, யட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய, எஹலியகொடை, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானை என்று எந்தப் பக்கம் போனாலும் லயத்து போன் என்றால் ரீலோட் போன்தான். இதைப் பார்த்துவிட்டு "வசதி இல்லாதவங்க, அதனால பிரீபெய்ட்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி எங்களுக்குப் போதவில்லை. வசதி ஒரு காரணம்தான். அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருசத்துக்கு மேற்பட்ட கடன் கதை ஒன்று இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நம் நாட்டு போன் கம்பனிகள் தமிழில் பிரீபெய்டை முற்கொடுப்பனவு என்றும் போஸ்ட்பெய்டை பிற்கொடுப்பனவு என்றும் எழுதுகின்றன. முற்கொடுப்பனவில் நாம் முதலில் காசு கொடுக்கிறோம், பிறகு பேசுகிறோம். பிற்கொடுப்பனவில் முதலில் பேசுகிறோம், மாசக் கடைசியில் பில் வருகிறது. அதாவது போஸ்ட்பெய்ட் என்பது ஒரு மாசக் கடன். கம்பனி நம்மை நம்பிக் கடன் தருகிறது. நம்புவதற்கு அது பொதுவாக மூன்று விசயம் கேட்கும். நீ யார் என்பதற்கு அடையாள அட்டை. எங்கே இருக்கிறாய் என்பதற்கு உன் பெயரில் வந்த கரண்ட் பில்லோ தண்ணி பில்லோ. மாசாமாசம் கட்டுவாய் என்பதற்கு நிலையான வருமானம், இல்லாவிட்டால் ஒரு வைப்புப் பணம். அடையாளம், முகவரி, வருமானம் என்ற இந்த மூன்றும் தோட்டத்துக்கு எப்போது, எப்படி வந்தன என்று பார்த்தாலே பாதி வரலாறு விளங்கிவிடும்.

கடனிலிருந்தே தொடங்குவோம். 19 ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து எங்கள் மூதாதையரைக் கூட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவுக்கும் ஊரில் இருந்த கடனை அடைக்கவும் அவர் கொடுத்த காசுக்குப் பெயர் முற்பணம். பெயரைக் கேட்டால் உதவி மாதிரி இருக்கும். ஆனால் கப்பல் ஏறும் முன்பே ஆள் கடனாளி. தோட்டத்துக்கு வந்த பிறகு அரிசி, கம்பளி என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும், சம்பளத்தில் வெட்டுவார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று தோட்டம் எழுதித் தரும் காகிதம்தான் துண்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் மட்டும் அவர்களை விட்டுப் போகாது, புதுத் தோட்டத்துப் புத்தகத்தில் ஏறிக்கொள்ளும். ஆளைவிடக் கடனே முதலில் இடம் மாறியது என்று சொன்னாலும் தப்பில்லை. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921 இல்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளம் என்பது வேலை செய்து முடித்த பிறகு வருவது. காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து பறித்து அல்லது ரப்பர் பால் வெட்டி, செக்ரோலில் பேர் விழுந்து, அந்த மாசம் முடிந்து அடுத்த மாசம் சம்பள நாளில்தான் காசு கைக்கு வரும். நடுவில் கைச்செலவுக்கு ஒரு அட்வான்ஸ். யோசித்துப் பார்த்தால் தோட்டத்துக்கு நாங்கள் கொடுத்த உழைப்பு எப்போதுமே போஸ்ட்பெய்ட்தான். வேலையை முதலில் வாங்கிக்கொண்டு காசைப் பிறகு தருகிற அந்தக் கம்பனியிடம் நாங்கள் பில் சான்று கேட்டதில்லை, வைப்புப் பணமும் கேட்டதில்லை. கடனை நம்பித் தருகிற பக்கத்தில் நாங்கள் இருந்தோம். கடனாளி என்ற பெயரும் எங்களுக்கே வந்தது.

அடுத்தது அடையாளம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சத்தை 1974 இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இதற்கிடையே 1968 இல் ஆட்பதிவுச் சட்டம் வந்து, 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவருக்கு அந்த அட்டை கிடையாது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் நாடற்றவர் பிரச்சினை சட்டப் புத்தகத்தில் தீர்ந்தது. இலங்கையில் செல்டெல் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது 1989 இல். தெற்காசியாவிலேயே அதுதான் முதல். நாட்டுக்கு செல்போன் வந்த பிறகும் 14 வருசம் தோட்டத்தில் குடியுரிமைக் கணக்கு முடியவில்லை என்பதை இந்த இரண்டு திகதிகளும் சேர்ந்து சொல்கின்றன.

மூன்றாவது முகவரி. இதுதான் இன்றுவரை தீராதது. லயத்துக் காம்பராவுக்குத் தனி இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதினால் கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஒரே பிரிவில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடிதம் யாருக்கு என்பதே தனிப் பிரச்சினை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் இல்லை. பல லயங்களில் கரண்ட் பில்கூட அங்கே குடியிருப்பவர் பெயரில் இல்லை. உள்ளூராட்சியும் இப்படித்தான். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ் தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை காசு செலவழிக்க முடியாமல் இருந்தது. வோட்டு மட்டும் போடலாம். 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. இந்த நிலையில் ஒருவர் கவுண்டரில் நின்று, தன் பெயரில் ஒரு பில்லைக் காட்டி போஸ்ட்பெய்ட் கேட்பது எப்படி?

இந்த இடத்தில்தான் பிரீபெய்ட் வருகிறது. 1995 இல் போர்த்துக்கலில் டி.எம்.என். என்ற கம்பனி மிமோ என்ற பெயரில் காசு கட்டிப் பேசும் சேவையைக் கொண்டுவந்தது. ஜீ.எஸ்.எம். உலகில் முதல் பிரீபெய்ட் என்று அதைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அதன் தந்திரம் சின்னது: ஆளை நம்ப வேண்டியதில்லை, காசை முதலில் வாங்கிவிட்டால் போதும். வங்கிக் கணக்கோ சம்பளச் சிட்டையோ பில் அனுப்ப முகவரியோ தேவைப்படவில்லை. பணக்கார நாட்டில் இளைஞர்களைப் பிடிக்க வந்த அந்த ஏற்பாடு, ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஏழைகளுக்கு போனைக் கொடுத்தது. யாரையும் நம்பாத ஒரு முறை எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்பது வேடிக்கைதான்.

அதற்கு முன் தோட்டத்தில் டெலிபோன் என்றால் ஒபிசிலும் துரை பங்களாவிலும் இருப்பது. சாவுச் செய்தி தந்தியில் வரும். பிறகு டவுனில் கொமியூனிகேசன் கடைகள் வந்தன. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன அம்மாமார் கோல் எடுக்கும் நேரத்துக்குப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் அங்கே காத்திருப்பார்கள். 2005 ஐ ஒட்டி சீ.டீ.எம்.ஏ. போன் வந்தது. மேசை போன் மாதிரி இருக்கும், வயர் இருக்காது, சிக்னல் பிடிக்க ஜன்னலோரம் வைப்பார்கள். பல வீடுகளுக்கு மாச பில் என்ற ஒன்று அறிமுகமானது இதனால்தான். அந்த பில்லும் ஒபிசு வழியாகத்தான் வர வேண்டும். பில் பிந்தி வரும், கட்டும் நாள் முந்திப் போயிருக்கும், லைன் வெட்டுப்படும். "பில் போனு நமக்குச் சரிவராது" என்ற பேச்சு தோட்டங்களில் வேர்விட இப்படியான அனுபவங்களும் காரணம்.

கைப்போன் நிலைமையை மாற்றியது போட்டி. 1995 இல் டயலொக் ஜீ.எஸ்.எம். சேவையைத் தொடங்கியது. மொபிடெல்லும் இன்று ஹட்ச் என்று நாம் சொல்லும் கம்பனியின் பழைய வடிவமும் களத்தில் இருந்தன. 2009 ஜனவரியில் எயர்டெல் ஐந்தாவதாக வந்ததும் விலைப் போர் வெடித்தது. 2010 இல் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று விலைக்கு அடிமட்டம் வைக்கும் அளவுக்குப் போனது. அதே 2009 இல் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 285 ரூபாய். அந்தக் கணக்கில் 50 ரூபாய் ரீலோட் என்பது ஒரு நாள் உழைப்பில் ஆறில் ஒரு பங்கு.

அதனால்தான் மிஸ்ட் கோல் ஒரு மொழியாகவே ஆனது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் நீ எடு. ஆரம்ப காலத்தில் வருகிற கோலுக்கும் காசு வெட்டியதால், எடுக்காமல் விடுவதே சிக்கனம். இந்தியாவில் 2003 இலேயே வருகிற கோல் இலவசமாகிவிட்டது. இங்கே அது இன்னும் சில வருசம் பிந்தியது.

பிரீபெய்ட் எங்களுக்குப் பொருந்தியதற்கு சப்ரகமுவக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. இங்கே தேயிலையோடு ரப்பரும் இருக்கிறது. விடியற்காலையில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. மழை மாசத்தில் பேர் குறையும், கொழுந்து குறைந்தால் அரைப்பேரும் விழும். கையில் வரும் காசு மாசத்துக்கு மாசம் மாறும்போது, மாறாத பில் ஒன்று பயத்தைத்தான் தரும். ரீலோட் அப்படி இல்லை. இருக்கும்போது போடலாம், இல்லாதபோது சும்மா இருக்கலாம். கணக்குப் புத்தகத்தில் நம் பெயருக்கு நேரே கடன் ஏறாது. முற்பணத்தில் மாட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் முற்கொடுப்பனவைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று எங்களுக்கு இப்போது விளங்குகிறது. இரண்டிலும் "முன்" இருக்கிறது. முதலாவதில் அவர்கள் முன்னே தந்து நம்மைக் கட்டினார்கள். இரண்டாவதில் நாம் முன்னே கொடுத்துவிட்டுக் கட்டுப்படாமல் இருக்கிறோம். அந்த வகையில் பிரீபெய்ட் ஒரு சின்ன விடுதலை என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் அந்த விடுதலைக்கும் விலை இருக்கிறது. சில்லறையாக வாங்குபவர் எப்போதும் கூடுதலாகத்தான் கொடுக்கிறார். அரைக் கிலோ சீனியை ஐம்பது கிராமாக வாங்குவது மாதிரி. ஒரு நாள் பெக்கேஜ், மூன்று நாள் பெக்கேஜ் என்று துண்டு துண்டாகப் போடும் டேட்டாவுக்கு, மாசத் திட்டத்தைவிடப் பொதுவாக ஜீபீக்கு விலை கூட. திகதி முடிந்தால் மிச்சமும் போய்விடும். காசு முடிந்த நேரத்தில் கம்பனி தரும் ரீலோட் கடனும் ஒரு முற்பணம்தான். அடுத்த ரீலோட்டில் கட்டணத்தோடு சேர்த்து முதலில் வெட்டிவிடும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இது நன்றாகவே தெரிந்தது. மூன்று பிள்ளைக்கு ஒரு போன், வாட்ஸ்அப்பில் பாடம், பாதியில் டேட்டா முடியும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021 மார்ச்சில்தான். அடுத்த வருசப் பொருளாதார நெருக்கடியில் போன் கட்டணம் ஏறியது, 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதமானது. 50 ரூபாய் போடுபவருக்கும் அதே வீதம்தான்.

பெரிய இழப்பு காகிதத்தில் இருக்கிறது. போஸ்ட்பெய்ட் பில் என்பது பெயரும் முகவரியும் அச்சடித்த ஒரு தாள். சில இடங்களில் அதையே முகவரிச் சான்றாக எடுப்பார்கள். பதினைந்து வருசம் ஒழுங்காக ரீலோட் போட்டவரிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. முகவரி இல்லாததால் பில் இல்லை, பில் இல்லாததால் முகவரிக்குச் சான்று இல்லை. இந்த வட்டத்துக்குள் ஒருவர் தனியாக எதைத் தெரிவு செய்ய முடியும்?

அதற்காக நாளைக்கே எல்லோரும் போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கொழும்பில் கடை வேலை, கார்மென்ட் வேலை என்று மாசச் சம்பளம் எடுக்கும் தம்பி தங்கைகள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போன மூன்று மாசமும் ரீலோட்டுக்கும் டேட்டாவுக்கும் மொத்தமாக எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் தொகை ஒரு மாசத் திட்டத்தின் வாடகையையும் வரியையும் தாண்டினால், போஸ்ட்பெய்ட் பற்றி விசாரிக்கலாம். பில் மின்னஞ்சலில் வருமா, கடன் எல்லையை நாமே வைக்கலாமா, வைப்புப் பணம் திரும்பி வருமா, இடையில் நிறுத்தினால் எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழையை நம்பிப் பேர் போடும் அப்பா அம்மாவுக்கு ரீலோட்டே நல்லது. ஆனால் சிம் அவரவர் பெயரிலேயே இருக்கட்டும். பல வீடுகளில் அம்மாவின் சிம் இன்னும் மகன் பெயரிலோ அப்பா பெயரிலோதான் இருக்கிறது.

மற்றதெல்லாம் கடையில் தீராத விசயம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இலக்கம், ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர், தபால்காரர் கதவு வரை வருவது, கரண்ட் பில் குடியிருப்பவர் பெயரில் வருவது. இவற்றைப் பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் கேட்க இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. அவை கைக்கு வந்த பிறகும் நாங்கள் ரீலோட்டே போடலாம். அப்போதுதான் அது எங்கள் தெரிவாக இருக்கும்.