மழை லீவு விடுவது யார்?

ஜூலை பிறந்துவிட்டால் காலை ஆறரைக்கு எங்கள் லாலாகுடா வீட்டில் ஒரே கேள்விதான். "அப்பா, லீவு விட்டாச்சா?" வங்கிக்காரனுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல் வரும். எங்கள் லீவு 1881ஆம் வருஷத்து செலாவணி முறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. லேசில் மழைக்கு அசையாது :-)

நியூஜெர்சியில் இருக்கும் தம்பி வீட்டில் இந்த அவஸ்தை இல்லை. பனி கொட்டினால் அந்த வட்டாரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் விடியற்காலையிலேயே ரோட்டு நிலைமையைக் கேட்டு, பிள்ளைகள் எழுவதற்குள் முடிவு சொல்லிவிடுவாராம். ஆள் உள்ளூர், ரோடும் உள்ளூர்.

நம் பக்கம் கலெக்டர். நான் படித்த காலத்தில் மாயவரம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது (நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல்). கலெக்டர் எழுபது கிலோமீட்டர் தள்ளி. அங்கே வெயில் அடிக்கும், எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கடைசியில் ஹெட்மாஸ்டர் வானத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்கடா" என்பார். எந்த உத்தரவும் கிடையாது.

இந்த 'தள்ளி' என்கிற விஷயம் ஹைதராபாத்துக்குப் பழைய காயம். 1908 செப்டம்பர் 28இல் மூசி பொங்கியபோது, மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏரிகள் வரிசையாக உடைந்து மொத்தத் தண்ணீரும் நகரத்துக்குள் வந்தது. மழை பெய்த இடம் ஒன்று, ஆள் செத்த இடம் ஒன்று. சுமார் 15,000 பேர் என்பார்கள். அதற்குப் பிறகுதான் விஸ்வேஸ்வரய்யா வந்தார். 1920இல் உஸ்மான் சாகர், 1927இல் ஹிமாயத் சாகர்.

அணை கட்டியும் ஊருக்குள் பெய்யும் மழைக்கு வழியில்லை. 2000 ஆகஸ்ட் 24இல் ஒரே நாளில் 24 செ.மீ. 2020 அக்டோபர் 13 ராத்திரி நகரமே மூழ்கியபோது பள்ளிகள் ஏற்கெனவே கொரோனாவால் மூடிக்கிடந்தன. லீவு கேட்க ஆளில்லை.

2022 ஜூலையில் மாநிலம் முழுக்க ஒரே அறிவிப்பு: 11ஆம் தேதி முதல் மூன்று நாள், பிறகு 16 வரை நீட்டிப்பு. 2023 ஜூலை 20 அன்று அறிவிப்பு காலையில்தான் வந்தது. அதற்குள் பல பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். பெற்றோர் கொதித்ததில் நியாயம் உண்டு. 2024 செப்டம்பரில் உள்ளூர் நிலைமைப்படி கலெக்டர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். 2ஆம் தேதி லீவு என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. வானிலை மையத்தின் சிவப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை மாவட்டத்துக்குப் பொதுவாக வரும். 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்றால்தான் 'மிக மிக கனமழை'. ஆனால் மேட்டுகூடாவில் கொட்டும்போது மல்காஜ்கிரியில் தூறலாக இருக்கும். எந்தப் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது என்பதை எந்த நிறமும் சொல்லாது.

ஒரு மழைக்காலக் காலையில் மகளை வேனில் ஏற்றிவிட்டு நிற்கிறேன். இருபது நிமிஷத்தில் வேன் திரும்பி வருகிறது. ஆலுகட்டபாவி ரயில் பாலத்தைப் பார்த்ததுமே டிரைவர் திருப்பிவிட்டாராம். "நீள்ளு சாலா உன்னாயி சார்" என்றார், அவ்வளவுதான். லீவு அறிவிப்பு வந்தபோது மகள் ரெண்டாவது தோசையில் இருந்தாள்.

நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன்.